ஒதுங்க இடமில்லாத நாய்

தாராவியின் 90 அடி சாலையிலிருந்து உள்ளே பிரியும் சந்துகள் பலவற்றில் எதிரெதிரே வரும் இருவருள் ஒருவர் சுவரோடு சாய்ந்து நின்றால்தான் மற்றவர் கடந்துபோக முடியும். அந்தச் சந்தில்தான் தண்ணீர்க் குடங்கள் வரிசையில் நிற்கின்றன; துணி காய்கிறது; பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதுகிறார்கள்; மாடி அறைக்குப் போகும் இரும்பு ஏணியும் அங்கேதான் ஊன்றப்பட்டிருக்கிறது. அங்கேயே ஒரு நாயும் படுத்திருக்கிறது. ஆள் வரும்போது அது எழுந்து போவதில்லை, போவதற்கு இடமில்லை. முகத்தை மட்டும் வேறுபக்கம் திருப்பிக்கொள்கிறது. நாக்கை நீட்டி மூக்கை ஒருமுறை நக்கிக்கொள்கிறது. கடந்துபோகிறவர் அதைத் திமிர் என்று எண்ணிக் காலால் தள்ளுகிறார்.

அஞ்சும் நாய்களைப் பழக்குவது பற்றிய கையேடுகள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் முதல் அறிவுரை ஒன்றுதான்: அஞ்சும் நாய்க்கு விலகிச் செல்லத் தூரம் கொடுங்கள். தோட்டமுள்ள வீட்டையும் அகன்ற நடைபாதையையும் மனத்தில் வைத்து எழுதப்பட்ட அறிவுரை அது. இரண்டு சதுர கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் பரப்பில் பல இலட்சம் மக்கள் நெருங்கி வாழும் தாராவியில் தூரம் என்பது மனிதருக்கே கிடைத்தற்கரிய பொருள். எனவே இந்த அறிவு வசதியுள்ளோருக்கானது, இங்குப் பொருந்தாது என்று ஒதுக்கிவிடுவது எளிது. உண்மையோ நேர்மாறானது. விலகிச் செல்ல இடமில்லாத நாய்க்கு எஞ்சியிருப்பது பல் ஒன்றுதான். அந்தப் பல் முதலில் பதிவது சந்தில் விளையாடும் குழந்தையின் மீது. நாயின் அச்சத்தைப் படிக்கத் தெரிவதும் அதை அடியின்றித் தணிக்கத் தெரிவதும் வேறெங்கும் விட இங்கேதான் அவசரத் தேவை.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் களன்களாக நான்கைக் கூறுகிறது: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. அங்கே விலங்கு அச்சத்தைத் தருவது, அஞ்சுவது மனிதர். விலங்கின் அச்சம் அந்நூலின் பொருளன்று. ஆயினும் மெய்ப்பாடு என்ற கருத்து, அதாவது உள்ளத்தில் நிகழ்வது உடலில் வெளிப்பட்டுக் காண்போருக்குப் புலனாகிறது என்பது, நாய்க்கு அப்படியே பொருந்துகிறது. நார்வே நாட்டுப் பயிற்சியாளர் துரித் ருகாஸ் நாய்களின் உடற்குறிகளைத் தொகுத்து எழுதிய பின்னர் இவற்றைக் கவனிக்கும் வழக்கம் பரவலாயிற்று. தூக்கமில்லாதபோது வரும் கொட்டாவி, உணவில்லாதபோது உதட்டை நக்குதல், முகத்தைத் திருப்புதல், கண்ணின் வெண்மை பிறைபோலத் தெரிதல், முன்னங்கால் ஒன்றைத் தூக்கி நிற்றல், வாலை வயிற்றுக்கடியில் செருகுதல், திடீரென்று கல்லாய் உறைதல். இவற்றுள் தனியொரு குறிக்கு நிலையான பொருள் கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். கொட்டாவி விடும் நாயெல்லாம் அஞ்சும் நாயன்று. சொல்லுக்குப் பொருள் வாக்கியத்தில் அமைவதுபோலக் குறிகளுக்குப் பொருள் அவை சேர்ந்துவரும் சூழலில்தான் அமைகிறது. யார் வந்தார், எவ்வளவு அருகில் வந்தார், வழி திறந்திருந்ததா என்பவை அந்த வாக்கியத்தின் பிற சொற்கள்.

இந்தக் குறிகளுக்கு மறுமொழி கிடைக்காதபோது நாய் உறுமுகிறது. உறுமலுக்கும் மறுமொழி இல்லையென்றால் காற்றைக் கடிக்கிறது. அதன் பிறகே தோலைக் கடிக்கிறது. குரைக்கிற நாய் கடிக்காது என்ற பழமொழி வாய்வீச்சு மனிதரைப் பற்றியதாக இருக்கும்வரை நல்ல பழமொழி. நாயைப் பற்றியதாக எடுத்துக்கொண்டால் அது மருத்துவமனையில் முடியும். உறுமல் என்பது கெடுதல் தொடங்கிவிட்டதன் அடையாளமன்று, கெடுதலைத் தவிர்க்க நாய் செய்யும் கடைசி முயற்சி. உறுமியதற்காக அடிபட்ட நாய் அடுத்த முறை உறுமாமல் இருக்கக் கற்றுக்கொள்கிறது. அஞ்சாமல் இருக்கக் கற்றுக்கொள்வதில்லை. ‘சொல்லாமல் கொள்ளாமல் கடித்துவிட்டது’ என்று பின்னர் சொல்லப்படும் நாய்களுள் பல, சொல்லிச் சொல்லி அடிவாங்கியவையாகவே இருக்கும்.

பழமொழி என்றதும் கல்லும் நாயும் நினைவுக்கு வருகின்றன. கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்பதில் வரும் நாய் உண்மையில் நாயகன், அதாவது இறைவன் என்றொரு விளக்கம் சமூக ஊடகங்களில் ஓயாமல் சுற்றிவருகிறது. அந்தத் திரிபு எப்போது, எப்படி நிகழ்ந்தது என்பதற்குச் சான்று காட்டுவார் இல்லை. நாயைக் கண்டதும் கை கல்லைத் தேடுகிறது என்ற எளிய பொருள் சற்றுச் சங்கடமாக இருப்பதே அந்த விளக்கத்தின் செல்வாக்குக்குக் காரணம் போலும். தெருநாயைக் காட்டிலும் தெருநாயின் அனுபவத்தைத் துல்லியமாகப் பதிவு செய்த தொடர் அது: குனிந்த மனிதர் என்றால் கல். தாராவியிலும் கீழே விழுந்த சாவியை எடுக்க ஒருவர் குனிந்தாலே பத்தடி தள்ளி ஒரு நாய் துள்ளி ஓடுவதைக் காணலாம்.

அடியாத மாடு படியாது என்பது மற்றொன்று. பயிற்சி பற்றிய தமிழ்ப் பொதுப்புத்தியின் சுருக்கம் இதுவே. வகுப்பறையிலும் இதுதான் நெடுங்காலம் ஆண்டது. இந்தப் பழமொழி சொல்லும் படிதல் என்ன என்பதை ஆய்வகம் வேறொரு வழியில் வெளிப்படுத்தியிருக்கிறது. 1967இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தனர். இன்றைய ஆய்வு நெறிக்குழு எதுவும் ஒப்புதல் தராத கொடுமையான சோதனை அது. ஒரு பிரிவு நாய்கள் தலையால் ஒரு பலகையை அழுத்தி மின்னதிர்ச்சியை நிறுத்திக்கொள்ள முடியும். மற்றொரு பிரிவு எதைச் செய்தாலும் அதிர்ச்சி நிற்காது. பின்னர் இரு பிரிவும் தாழ்வான தடுப்புள்ள பெட்டியில் விடப்பட்டன; தாண்டினால் தப்பிக்கலாம். முதற்பிரிவு தாண்டியது. இரண்டாம் பிரிவில் பெரும்பாலானவை தாண்ட முயலவே இல்லை. அதிர்ச்சியை வாங்கிக்கொண்டு படுத்துக் கிடந்தன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது அடக்கமாகத் தெரியும்.

இந்த ஆய்வைப் பலரும் அறிவர். இதன் பின்கதைதான் இங்கு முதன்மையானது. அரை நூற்றாண்டுக்குப் பின், 2016இல், அதே இருவரும் தம் விளக்கத்தையே தலைகீழாகத் திருத்தினர். நாய்கள் கையறுநிலையைக் கற்கவில்லை. தொடர்ந்து வரும் கொடுமைக்கு உடல் காட்டும் இயல்பான மறுமொழியே செயலற்றுக் கிடப்பது. கற்கப்படுவது அதன் எதிர்நிலை, தன் செயலால் நிலைமை மாறும் என்பது. மூளை நரம்பியல் சான்றுகள் அவர்களை அந்த முடிவுக்குக் கொண்டுவந்தன. அஞ்சும் நாயைப் பழக்கும் கலை முழுவதற்கும் இதைவிடத் தெளிவான அடித்தளம் இல்லை. அந்த நாய்க்குக் கற்பிக்க வேண்டிய முதல் பாடம் ‘உட்கார்’ அன்று, ‘கை கொடு’ அன்று. தான் முகத்தைத் திருப்பினால் எதிரில் நிற்பவர் நின்றுவிடுவார், தான் பின்வாங்கினால் எவரும் துரத்தமாட்டார் என்பதே முதல் பாடம்.

இரண்டாம் பாடம் 1924இலிருந்து வருகிறது. அமெரிக்க உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ் முயலைக் கண்டு அஞ்சும் பீட்டர் என்ற சிறுவனுக்கு விருப்பமான தின்பண்டம் கொடுத்தபடியே முயலைத் தொலைவில் வைத்து, அவன் உண்பதை நிறுத்தாத அளவுக்குச் சிறிது சிறிதாக அருகில் கொண்டுவந்தார். கடைசியில் பீட்டர் முயலைத் தடவிக்கொடுத்தான். நாய்களுக்கு இன்று செய்யப்படுவதும் இதேதான். அஞ்சும் பொருள் தென்படும். ஆனால் அச்சம் பொங்காத தொலைவில். தென்பட்டவுடன் உணவு வரும். உண்ண மறுத்தால் தொலைவு போதவில்லை என்று பொருள். அஞ்சும்போது உணவு கொடுத்தால் அச்சத்துக்குப் பரிசளித்ததாகாதா என்று கேட்பவர் உண்டு. அச்சம் ஒரு செயலன்று, பரிசு கிடைப்பதால் அதிகமாகச் செய்வதற்கு. இடி இடிக்கும்போது மிட்டாய் கிடைத்ததால் இடிக்கு மேலும் அஞ்சத் தொடங்கிய குழந்தை எங்கும் இல்லை.

அடித்துப் பழக்கும் முறைக்கு எதிரான சான்றுகளைப் பொறுத்தவரை, போர்ச்சுகலின் போர்ட்டோ நகரில் நடந்து 2020இல் வெளியான ஆய்வு ஒன்றே போதும். தண்டனை மிகுந்த பயிற்சிப் பள்ளிகளின் நாய்களிடம் பதற்றக் குறிகளும் பயிற்சிக்குப் பின் எச்சிலில் கார்ட்டிசால் அளவும் மிகுந்திருந்தன. உணவு இருக்குமா இருக்காதா என்று ஐயத்துக்கிடமான கிண்ணத்தை நோக்கி அவை தயங்கித் தயங்கியே சென்றன. அமெரிக்க விலங்கு நடத்தை மருத்துவர் சங்கம் 2021இல் எல்லாப் பயிற்சிக்கும் பரிசுவழி முறையையே பரிந்துரைத்தது. கடிக்கும் நாய்க்கும் அதே.

இனி தாராவிக்குத் திரும்பலாம். ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் ஆகியோரின் 1965ஆம் ஆண்டு நூல் முதல் ஒப்புக்கொள்ளப்பட்ட செய்தி: ஏறத்தாழ மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரை குருளை எதைப் பார்த்துப் பழகுகிறதோ அதை வாழ்நாள் முழுதும் இயல்பாக ஏற்கும். இந்தக் கணக்கில் தாராவிக் குருளைக்கு ஒரு நற்பேறு உண்டு. பன்னிரண்டு வாரத்துக்குள் அது பார்க்காத மனிதர் இல்லை, கேட்காத ஓசை இல்லை. 13 காம்பவுண்டின் நெகிழி அரைக்கும் எந்திரம், கும்பார்வாடாவின் சூளைப் புகை, பள்ளி விடும் நேரத்துக் கூச்சல் எல்லாம் அதற்குத் தாலாட்டு. அடுக்ககத்தின் பதினைந்தாம் தளத்தில் வளரும் விலையுயர்ந்த நாய் மின்தூக்கிக் கதவுக்கே நடுங்குவதுடன் இதை ஒப்பிடலாம். தாராவி நாய்க்குப் பெரும்பாலும் மனிதர் என்ற இனத்தின் மீது அச்சமில்லை. கோல், துடைப்பம், குனியும் உடல், நாய் பிடிக்கும் வண்டி, தீபாவளி வெடி என்று அதன் அச்சங்களுக்குப் பெயரும் வரலாறும் உண்டு. பட்டறிவால் வந்தவை ஆதலால் பட்டறிவாலேயே பெரும்பகுதி தணியக்கூடியவை.

கொல்கத்தா அறிவியல் கல்வி ஆய்வு நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு தெருநாய்களைத் தெருவிலேயே வைத்து ஆராய்ந்துவருகிறது. 2017இல் அவர்கள் வெளியிட்ட முடிவு: அறிமுகமற்றவர் மீது தெருநாய் நம்பிக்கை கொள்ள, மீண்டும் மீண்டும் கிடைக்கும் உணவைவிடத் தடவிக்கொடுத்தலே வலுவாகத் துணைசெய்தது. 2020இல் வெளியான மற்றோர் ஆய்வில், எந்தப் பயிற்சியும் பெறாத தெருநாய்கள் மனிதர் விரல்காட்டும் கிண்ணத்தைப் புரிந்து தேர்ந்தன. ஆனால் ஏறத்தாழப் பாதி நாய்கள் அருகில் வரவே இல்லை. வராதவற்றுக்குப் புரியாமலிருந்திருக்கலாம் என்பதைவிட, முன்பு மனிதரிடம் பட்ட பாடு தடுத்திருக்கலாம் என்று கருத இடமுண்டு. அறிவு இருக்கிறது, நம்பிக்கை இல்லை.

தூரம் இல்லாத இடத்தில் தூரத்துக்கு ஈடாக எதைக் கொடுப்பது? நேரத்தைக் கொடுக்கலாம். விடியற்காலை நான்கு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் தண்ணீர் வருவதற்கு முன் தாராவிச் சந்துக்கு இல்லாத அகலம் வந்துவிடுகிறது. அப்போது ஒரே ஆள், ஒரே இடம், ஒரே அழைப்புச் சொல். நாயை நேராகப் பார்க்காமல், குனியாமல், பக்கவாட்டில் உட்கார்ந்து, உணவுத் துண்டை அதன் முன்னே போடாமல் அதற்குப் பின்னே எறிவது. இது சிறிய செய்தியாகத் தோன்றும். ஆனால் இதில்தான் எல்லாம் இருக்கிறது. முன்னே போட்டால் பசி அதை இழுக்கும், அச்சம் பின்னுக்குத் தள்ளும். அந்த இழுபறியில் உணவை எடுத்த கணமே தான் நிற்கும் இடத்தை உணர்ந்து அது வெடிக்கும். பின்னே எறிந்தால் விலகுவதற்கே பரிசு கிடைக்கிறது. விலகலாம் என்று தெரிந்த நாய் தானாகத் திரும்பி வருகிறது. பார்லே-ஜி நல்ல உணவா என்றால் இல்லை. ஆனால் எல்லாக் கடையிலும் கிடைப்பது அதுதான். கோழிக்கடையில் மிஞ்சும் ஈரலை வேகவைத்துக் கொடுப்பது அதனினும் மேல். சட்டென்று முரண்டு பிடிக்கத் தொடங்கிய நாய்க்குப் பயிற்சிக்கு முன் மருத்துவம் தேவை. காதுப் புண்ணும் பல்வலியும் நடத்தைச் சிக்கல்போல வேடம் போடும். பரேலின் பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் மருத்துவமனை அதிகத் தொலைவில் இல்லை.

அழைப்புச் சொல் என்றதில் ஒரு கிளைச்செய்தி. தமிழில் ‘சூ காட்டுதல்’ என்றால் நாயை ஒருவர் மீது ஏவுவது. அதே ஒலியை விரட்டுவதற்கும் பயன்படுத்துவோர் இன்று உண்டு. இந்திக்காரர் வீட்டு வாசலில் ‘ஹட்’ என்றால் போ. ஒரே சந்தில் தமிழும் மராத்தியும் இந்தியும் குஜராத்தியும் புழங்கும் தாராவியில் ஒரு நாய்க்கு நாளொன்றுக்கு எத்தனை முரண்பட்ட ஏவல்கள்! 2022இல் புடாபெஸ்ட் ஆய்வாளர்கள் 18 நாய்களை மூளைப் படமெடுக்கும் கருவிக்குள் அசையாமல் படுக்கப் பழக்கி, ஸ்பானிய மொழியிலும் ஹங்கேரிய மொழியிலும் ஒரே கதையை ஒலிக்கவிட்டனர். பழகிய மொழியையும் பழகாத மொழியையும் நாயின் மூளை வேறுபடுத்தியது. அந்த நாய்கள் கட்டப்படாமல், தாமே விரும்பிப் படுத்திருந்தன என்பது அந்த ஆய்வில் மொழியளவுக்கே வியப்பானது. அடித்து எந்த நாயையும் அந்த இரைச்சலுக்குள் அசையாமல் படுக்கவைக்க இயலாது. தாராவியின் பன்மொழி ஒரு சிக்கலன்று. ஒரு சொல்லுக்கு ஒரே விளைவு இல்லாமைதான் சிக்கல்.

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியவை சில. உண்ணும் நாய், உறங்கும் நாய், குட்டி ஈன்ற நாய் மூன்றையும் தொடக் கூடாது. நாய் வெறித்து நின்றால் ஓடக் கூடாது, மரம்போல் நிற்க வேண்டும். கடிபட்டால் வீட்டில் மறைக்கக் கூடாது. பதினைந்து நிமிடம் சோப்பும் ஓடும் நீரும், பின்னர் தாமதமின்றிச் சயான் மருத்துவமனை. இந்தியாவில் வெறிநோயால் ஆண்டுக்கு ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர் இறக்கின்றனர் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அண்மை மதிப்பீடு. உலகச் சுகாதார நிறுவனத்தின் பழைய மதிப்பீடு இதைவிடப் பன்மடங்கு. தடுப்பூசி முறையாகப் போட்டால் தடுக்கக்கூடிய இறப்புகள் இவை.

இங்கே ஒரு மறுப்பை நேர்மையுடன் எதிர்கொள்ள வேண்டும். கழிப்பறைக்கு வரிசையில் நிற்கும் மக்களிடம் நாயின் மனநிலையைப் பேசுவது மேட்டுக்குடி ஆடம்பரமல்லவா? கார்க் கண்ணாடியை இறக்கி பிஸ்கட் வீசிவிட்டுப் போகிறவரைக் குறித்துச் சொன்னால் அந்தக் கேள்வி முற்றிலும் நியாயமே. இரவுப் பணி முடிந்து நடந்து வருபவரும், குப்பை பொறுக்குபவரும், வாசலில் உறங்குபவரும்தான் கடிபடுகிறார்கள். நாய் நேயம் பேசும் பலர் கடிபடும் தொலைவில் வாழ்வதில்லை. ஆனால் தாராவியில் நாய்க்குச் சோறு வைப்பது பெரும்பாலும் வெளியார் அல்லர். மீன் கழுவிய கையோடு முள்ளை ஒதுக்கி வைக்கும் பெண்ணும், கடையடைத்ததும் கடைசிப் பாவைப் போடும் டீக்கடைக்காரரும்தான் அந்த நாய்களை அறிந்தவர்கள். எந்த நாய் எதற்கு அஞ்சும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அந்த அறிவுக்குப் பயிற்சி என்ற பெயர் இதுவரை சூட்டப்படவில்லை, அவ்வளவே.

சட்டத்தின் மொழியில் இந்த அறிவுக்கு இடமே இல்லை. நாய்களைக் கொல்வதா காப்பதா என்று மும்பை வழக்காடுவது புதிதன்று. 1832இல் கம்பெனி அரசு தெருநாய்களைக் கொல்லத் தொடங்கியபோது பார்சிகள் கோட்டைப் பகுதியில் கலகமே செய்தனர். 2023ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் தெருநாயைச் ‘சமூக விலங்கு’ என்று பெயர்மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விடச் சொல்கின்றன. 2025 ஆகஸ்ட் 11 அன்று தில்லி வட்டார நாய்களையெல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், ஆகஸ்ட் 22 அன்று அதைத் திருத்தி, வெறிநோயுள்ளவை, ‘ஆக்ரோஷமான’வை தவிர மற்றவற்றைத் திரும்ப விடலாம் என்றது. நவம்பர் 7 அன்று பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களிலிருந்து நாய்களை அகற்றவும், அவற்றை அங்கே மீண்டும் விடாதிருக்கவும் ஆணையிட்டது.

பள்ளி வளாகத்தில் நாய் வேண்டாம் என்பதை ஏற்கலாம். தொல்லை ‘ஆக்ரோஷம்’ என்ற சொல்லில் இருக்கிறது. வலையில் சிக்கி, வண்டியில் குலுங்கி, வேற்று நாய்களின் நடுவே கூண்டில் கிடக்கும் நாய் பல்லைக் காட்டினால் அது எதன் சான்று? பாவ்லோவின் லெனின்கிராட் ஆய்வகத்தில் 1924 செப்டம்பர் வெள்ளம் புகுந்தபோது கூண்டுகளில் நீர் ஏற ஏறச் சிக்கிக்கொண்ட நாய்கள், மீட்கப்பட்ட பின்பும் நெடுநாள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. தேறிய நாயும் கதவிடுக்கில் சிறிது நீர் கசிந்தபோது மீண்டும் நிலைகுலைந்தது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டி மித்தி ஆறு பெருகியதைக் கண்ட நகரத்துக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாயின் குணத்தை மதிப்பிடுவதென்றால் அதன் சந்தில், அதற்குச் சோறிடுபவர் முன்னிலையில், வழி திறந்திருக்கும்போது மதிப்பிட வேண்டும். கூண்டில் அளக்கப்படுவது கூண்டுதான்.

அதானி குழுமமும் மகாராஷ்டிர அரசும் இணைந்து நடத்தும் மறுசீரமைப்புத் திட்டத்துக்காக 2024 மார்ச்சில் தாராவியில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. தகுதி பெறுவோருக்கு 350 சதுர அடி வீடு. மற்றோர் வேறு பகுதிகளுக்கு. பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்று விதி சொல்லும் நாய்க்கு அந்த இடமே இல்லாமற்போகும் நாள் வருகிறது. இடிபாட்டில் நின்று வருவோர் போவோரையெல்லாம் குரைக்கும் நாயை அன்று ‘ஆக்ரோஷமானது’ என்று பதிவு செய்வது மிக எளிதாயிருக்கும்.

பீட்டரின் முயல் ஒரே நாளில் மடிக்கு வரவில்லை. சோறு வைக்கும் இடத்தையும் அதேபோல் நகர்த்தலாம். எந்த வரிசை எப்போது இடிபடும் என்பது முன்னமே தெரியும். அதற்குச் சில மாதங்கள் முன்பிருந்தே, அதே ஆள், அதே நேரம், அதே சொல், வாரத்துக்குச் சில அடிகளாக, வேறொரு நாய்க்கூட்டத்தின் எல்லையை மிதிக்காமல், மக்கள் போகும் திசையில் தட்டை நகர்த்திக்கொண்டே போகலாம். மாநகராட்சி செய்ய வேண்டியது, யார் எந்த மூலையில் எத்தனை நாய்க்குச் சோறிடுகிறார் என்ற பட்டியலை இடிக்கும் எந்திரம் வருவதற்கு முன் எடுப்பது. வீடுகளை எண்ணியவர்களுக்கு அது ஒன்றும் பெரிய வேலையன்று.